அவசரத்தின் மறைவில் அமானிதம்



2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை அரூர்ப் பகுதியைப் புரட்டிப் போட்டது. அப்போது எங்கள் ஜமாஅத்தில் ஜும்ஆ தொழுகைக்குப் பின் வாசலில் துண்டை விரித்தோம். அரிசியும் போர்வையும் பாத்திரங்களும் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தபின் ஒரு தொகை மீந்தது. கணக்கு முடிக்க அமர்ந்த கூட்டத்தில் ஒருவர், ஹவ்ளின் ஓடுகள் உடைந்து கிடக்கின்றன, இதிலேயே சரிசெய்துவிடலாமே என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒளூச் செய்ய வருகிற எல்லோருக்கும் அது பயன்படும். ஆனால் மூலையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் விடவில்லை. "மழையில் நனைந்தவனுக்கென்று சொல்லித்தானே அத்தா வாங்கினோம்? ஹவ்ளுக்கென்று கேட்டிருந்தால் நான் வேறு தொகை கொடுத்திருப்பேன்" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. மீந்த பணம் கூரை இழந்த ஒரு வீட்டுக்குத் தகரம் போடப் போனது. ஹவ்ளுக்கு அடுத்த மாதம் தனியே வசூலித்தோம்.

ஐந்து நிமிடத்தில் தீர்ந்த அந்த வழக்கை நாம் இங்கே நினைவுகூரக் காரணம் உண்டு. அதே வழக்கு நாட்டின் நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகளாகத் தீராமல் கிடக்கிறது. ஒன்றின் பெயரைச் சொல்லிப் பெற்றதில் இன்னொன்றை நுழைப்பது, அதுவும் மறுக்க முடியாத நெருக்கடி நேரத்தில் நுழைப்பது, ஆட்சி செய்பவர்களின் வழக்கமாகவே ஆகிவிட்டது. அதைக் கேட்பார் இல்லை. கேட்பவரை, ஆபத்து நேரத்தில் அரசியல் செய்கிறார் என்று தூற்றவே ஆள் இருக்கிறது.

மார்க்கம் இதில் நமக்குக் கற்றுத் தந்திருப்பது மிகத் தெளிவானது. ஜகாத்தைப் பெறத் தகுதியுடையோரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எட்டு வகையாக வரையறுத்துவிட்டது. அந்த நிதியிலிருந்து பள்ளிவாசல் கட்டக்கூடாது என்பதே மார்க்கச் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோரின் முடிவு. அல்லாஹ்வின் இல்லத்தைவிடச் சிறந்த செலவு ஏது? ஆயினும் கூடாது. ஆக, செலவு நல்லது என்பது ஒரு வாதமே அல்ல. யாருக்கென்று சொல்லி வாங்கினாய் என்பதுதான் கேள்வி.

பனூ சுலைம் கோத்திரத்தாரிடம் ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவரின் சம்பவத்தை நாம் அனைவரும் பயான்களில் கேட்டிருக்கிறோம். திரும்பி வந்தவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் தந்தையின் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி இது. இன்றைய மசோதாக்களுக்கும் இந்தக் கேள்வி அப்படியே பொருந்தும். இந்த விதி தனியாக, தன் சொந்தப் பெயரில், வேறு எந்த மசோதாவின் தோளிலும் ஏறாமல் வந்திருந்தால் நிறைவேறியிருக்குமா?

இந்தத் தந்திரத்தில் கைதேர்ந்த நாடு அமெரிக்கா. 2008இல் வங்கிகள் சரிந்தபோது, 70,000 கோடி டாலர் மீட்பு மசோதாவை அங்குள்ள பிரதிநிதிகள் அவை செப்டம்பர் 29 அன்று தோற்கடித்தது. நான்கே நாள்களில், அக்டோபர் 3 அன்று, அதே திட்டம் அதே அவையில் நிறைவேறியது. இடையில் அதனுடன் பல வரிச் சலுகைகள் கோக்கப்பட்டிருந்தன. சிறுவர் விளையாடும் மர அம்புகளுக்கு ஒரு வரி விலக்கு, கார்ப் பந்தயத் திடல்களுக்கு ஒரு சலுகை, போர்ட்டோ ரிக்கோவின் ரம் மதுவுக்கு ஒன்று. உலகப் பொருளாதாரத்தைக் காப்பாற்ற மர அம்பு எதற்கு என்று மக்கள் கொதித்தார்கள்.

2020 டிசம்பரில் அது மீண்டும் நடந்தது. கொரோனா நிவாரணத்தையும் ஆண்டு வரவுசெலவையும் ஒன்றாகக் கட்டி, 5,593 பக்கங்கள் கொண்ட ஒரே மசோதாவாக உறுப்பினர்களின் கையில் கொடுத்து, சில மணி நேரத்தில் வாக்களிக்கச் சொன்னார்கள். சாமானியருக்கு 600 டாலர். நிறுவனங்களின் உணவக விருந்துச் செலவுக்கு முழு வரிக்கழிவு. நீதியாகச் சொல்வதானால், அன்று மக்கள் கோபப்பட்ட வெளிநாட்டு உதவி போன்ற பல செலவுகள் நிவாரணப் பகுதியைச் சேர்ந்தவை அல்ல. ஆண்டுதோறும் வரும் வழக்கமான ஒதுக்கீடுகள். ஆனால் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியவர்கள் யார்? மூட்டைக்குள் எது எவருடையது என்று பிரித்தறிய முடியாதபோது, நேர்மையான செலவும் திருட்டுப் பட்டம் சுமக்கிறது.

அது அந்நிய நாட்டுக் கதை என்று நாம் ஆறுதல் அடைய முடியாது. நம் நாட்டில் மார்ச் மாதம் தோறும் நிறைவேறியே ஆகவேண்டிய நிதி மசோதா ஒன்று உண்டு. அது நின்றால் அரசின் வரி வசூலே தடுமாறும். ஆகவே அதன் முதுகில் எதை ஏற்றினாலும் கரை சேர்ந்துவிடும்.

2017இல் தேர்தல் பத்திரங்கள் அப்படித்தான் கரை சேர்ந்தன. எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்பதைக் குடிமக்களின் கண்ணிலிருந்து மறைக்கும் ஏற்பாட்டை, ரிசர்வ் வங்கிச் சட்டம், வருமானவரிச் சட்டம், நிறுவனங்கள் சட்டம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஆகியவற்றில் திருத்தங்களாக நிதி மசோதாவுக்குள் வைத்தார்கள். பண மசோதா என்ற முத்திரை இருந்ததால் மாநிலங்களவை அதைத் தடுக்க இயலவில்லை. அந்த அவை பரிந்துரைத்த ஐந்து திருத்தங்களை மக்களவை அப்படியே தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அத்திட்டத்தை ரத்து செய்தது 2024 பிப்ரவரி 15 அன்று. ஏழு ஆண்டுகள்! பண மசோதா என்ற போர்வையை எதுவரை விரிக்கலாம் என்ற கேள்வியையோ, 2019 நவம்பரில் ஏழு நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பி வைத்தார்கள்.

2018 மார்ச் 14 நம் மாவட்டத்தார் மறக்கக்கூடாத நாள். காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கக் கோரித் தமிழக உறுப்பினர்கள் அவையின் நடுவே முழங்கிக்கொண்டிருந்தார்கள். ஒகேனக்கல்லில் விழும் தண்ணீருக்கான முழக்கம் அது. ஆந்திர உறுப்பினர்கள் சிறப்பு அந்தஸ்துக்காக, வேறு சிலர் வங்கி மோசடிக்காக. அந்தக் கூச்சலின் நடுவே, விவாதம் ஏதுமின்றி, சுமார் அரை மணி நேரத்தில் ஒட்டுமொத்த வரவுசெலவும் நிறைவேற்றப்பட்டது. அதற்குள் இரண்டு சரக்குகள் இருந்தன. ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினர்களின் மாதச் சம்பளம் 50,000 ரூபாயிலிருந்து ஒரு இலட்சமாக உயர்ந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தானாகவே உயரவும் வழி செய்யப்பட்டது. நம் தாகத்துக்காக எழுந்த கூச்சலுக்குள்ளேயே தங்கள் சம்பளத்தை உயர்த்திக்கொண்டார்கள் என்று சொன்னால் அது மிகையா? வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

இரண்டாவது அதைவிடக் கனமானது. வெளிநாட்டு மூலத்திலிருந்து நன்கொடை பெற்று பாரதிய ஜனதாவும் காங்கிரசும் சட்டத்தை மீறின என்று 2014 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தண்டனை வரவில்லை, சட்டத்தின் பொருளே மாறியது. முதலில் 2016 நிதிச் சட்டத்தில் 'வெளிநாட்டு மூலம்' என்பதன் வரையறையை 2010 முதல் செல்லுபடியாகும்படி மாற்றினார்கள். அது போதவில்லை என்றதும், 2018 நிதி மசோதாவில் அந்தத் தேதியை 1976 ஆகஸ்ட் 5க்கு இழுத்துச் சென்றார்கள். நாற்பத்திரண்டு ஆண்டுகால மன்னிப்பு, ஒரு வரித் திருத்தத்தில்.

இதே வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் தொண்டு நிறுவனங்களிடம் எப்படி நடந்துகொண்டது என்பதையும் பார்ப்போம். 2020 செப்டம்பரில், கொரோனாவில் மாண்டவர்களைப் பல ஊர்களில் தன்னார்வலர்கள் அடக்கம் செய்துகொண்டிருந்த காலத்தில், அச்சட்டம் இறுக்கப்பட்டது. நன்கொடை எல்லாம் புதுதில்லியில் உள்ள ஒரே வங்கிக் கிளை வழியாகவே வரவேண்டும். நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெற்ற நிதியை வேறொரு தொண்டு அமைப்புக்குப் பகிர்வதும் தடுக்கப்பட்டது. கட்சிகளுக்குக் கடந்தகாலமே கழுவிவிடப்படுகிறது. கஞ்சி ஊற்றுகிறவனுக்குக் கரண்டி வரை கணக்கு. தொண்டு நிறுவனங்கள் கணக்குக் காட்டக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. காட்டத்தான் வேண்டும். அதே தராசு இரண்டு பக்கமும் தொங்க வேண்டும் என்கிறோம்.

இனி 2020 மார்ச். அந்த மாதம் 23ஆம் தேதி, ஊரடங்குக்கு முந்தைய நாள், நோயைக் காரணம் காட்டி, விவாதமில்லாமல் நிதி மசோதா இரு அவைகளையும் கடந்தது. கடைசி நேரத் திருத்தங்களில் ஒன்று, சிறப்புக் கூடுதல் கலால் வரியின் உச்சவரம்பைப் பெட்ரோலுக்கு 18 ரூபாயாகவும் டீசலுக்கு 12 ரூபாயாகவும் உயர்த்திக்கொள்ளும் அதிகாரம். நிதி மசோதாவில் வரி இருப்பது இயல்புதான். ஆனால் நாடே அஞ்சி நின்ற நாளில், ஒரு சொல் விவாதமும் இல்லாமல் அந்த அதிகாரத்தை எடுத்துக்கொண்டது இயல்பா? மே 6 முதல் கலால் வரியும் சாலை வரியும் சேர்ந்து பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் ஏறின. அதற்குச் சில நாள் முன்னரே மாநில அரசும் தன் மதிப்புக்கூட்டு வரியை உயர்த்திப் பெட்ரோலில் 3.25, டீசலில் 2.50 ரூபாய் கூட்டியிருந்தது. கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலர் அளவுக்கு வீழ்ந்திருந்த காலம் அது. அந்த வீழ்ச்சியின் பலன் பாலக்கோட்டுத் தக்காளியை ஏற்றிச் சென்ற வண்டிக்காரரிடம் வந்து சேரவில்லை. தொப்பூர்க் கணவாயில் இறங்கிய லாரி ஓட்டுநரிடமும் வரவில்லை. நம் சகோதரர்கள் எத்தனை பேர் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிழைக்கிறார்கள் என்பதை நாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் 31 அன்று ஓர் அவசரச் சட்டம் வந்தது. வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யக் காலநீட்டிப்பு போன்ற தேவையான தளர்வுகள் அதில் இருந்தன. அவற்றோடு, மூன்றே நாள் முன்பு அறிவிக்கப்பட்டிருந்த பி.எம். கேர்ஸ் நிதிக்கு நூறு விழுக்காடு வரிக்கழிவும் இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் தனக்குப் பொருந்தாது என்று பின்னாளில் வாதிட்ட நிதி அது. தலைமைக் கணக்காயரின் தணிக்கைக்கும் அது வரவில்லை. நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியை இதற்குக் கொடுக்கலாம், மாநில முதலமைச்சர்களின் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் கணக்கில் சேராது என்று ஏப்ரலில் விளக்கமும் வந்தது.

அந்த நாளில் தொலைக்காட்சிகள் எதைக் காட்டின என்பது நம் வீடுகளில் எவருக்கும் மறக்காது. நிஜாமுத்தீன், நிஜாமுத்தீன், நிஜாமுத்தீன். மளிகைக் கடையில் நம்மைக் கண்டு ஒதுங்கி நின்றார்கள். 2020 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, தப்லீக் ஜமாஅத்தில் வந்த வெளிநாட்டவர் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கூறி வழக்குகளை ரத்து செய்தது. அதற்குள் நாடு எங்கள்மீது வைத்திருந்த கண்ணைத் தன் கருவூலத்தின்மீது வைத்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஏப்ரல் 6 அன்று உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தில் 30 விழுக்காட்டை ஓராண்டுக்கு விட்டுக்கொடுத்தார்கள். பாராட்டினோம், இப்போதும் பாராட்டுகிறோம். அதே முடிவில் தொகுதி மேம்பாட்டு நிதி ஈராண்டுக்கு நிறுத்தப்பட்டு, 7,900 கோடி ரூபாய் ஒன்றிய அரசின் கணக்குக்குப் போனது. உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி வீதம் வரும் பணம் அது. நம் மாவட்டத்தில் ஒரு வகுப்பறையாகவோ ஆழ்துளைக் கிணறாகவோ மாறியிருக்கும்.

"எல்லாக் கட்சியும் இதைத்தான் செய்கிறது, நமக்கென்ன?" என்பார்கள் சிலர். எல்லாக் கட்சியும் செய்வதால்தான் இது நமக்கு. "ஆபத்து வேளையில் கணக்குக் கேட்பது முறையா?" என்பார்கள் வேறு சிலர். உமர் (ரலி) அவர்கள் உடுத்திய துணி பங்கிட்டுக் கொடுத்த அளவைவிடக் கூடுதலாக இருக்கிறதே என்று மக்கள் நடுவில் எழுந்து கேட்டவர் வசதியான நேரம் பார்த்துக் கேட்கவில்லை. கலீஃபாவும் கோபிக்கவில்லை. மகனை அழைத்தார், அது மகன் தந்தைக்குத் தந்த பங்கு என்று சாட்சி சொன்னதும் விஷயம் முடிந்தது. இன்னும் சிலர், உண்மையில் இவர்கள்தாம் நம்மவரில் அதிகம், இதெல்லாம் துன்யாவின் விவகாரம், தீனுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தஸ்பீஹை எடுத்துக்கொள்வார்கள். அமானிதம் தீனில் இல்லையென்றால் வேறு எங்கே இருக்கிறது?

உண்மையான தேவை தன் பெயரில் வெளிப்படையாக வந்து நிற்கத் தயங்காது. புளோரைடு கலந்த நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட நம் மக்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் வந்தது. 2008இல் அடிக்கல் நாட்டி 2013இல்தான் திறந்தார்கள். எதிர்ப்பு இருந்தது, அண்டை மாநிலத்தோடு வாக்குவாதம் இருந்தது, தாமதமும் இருந்தது. ஆனாலும் அது என்ன, எவ்வளவு, யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

வருகிற ரமளானிலும் எல்லாக் கட்சிக்காரர்களும் தொப்பி அணிந்து நோன்புக் கஞ்சி அருந்த வருவார்கள். வரட்டும், இன்முகத்தோடு உபசரிப்போம். கஞ்சிக் கோப்பையைக் கையில் கொடுக்கும்போது எங்கள் ஜமாஅத் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்விகள் கேட்பதென்று முடிவு செய்திருக்கிறது. நிவாரணத்துக்கோ வரவுசெலவுக்கோ வரும் மசோதாவில் அதற்குத் தொடர்பில்லாத விதி இருந்தால், அதைப் பிரித்துத் தனி வாக்கெடுப்புக்கு விடும்படி எழுந்து நின்று கோருவீர்களா? உங்கள் சொந்தக் கட்சி கொண்டுவந்த மசோதாவானாலும் கோருவீர்களா? யார் என்ன பதில் சொன்னார் என்பதை, அல்லாஹ் நாடினால், பெருநாளுக்குப் பின் இங்கேயே எழுதுவோம்.