திரும்புவது எந்த ஒளி?

கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் பெருஞ்சாலையில் பெரியநாயக்கன்பாளையம் இருக்கிறது. அவ்வூரின் ராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயத்தைக் கொங்கு நாட்டில் அறியாதார் சிலரே. 1930-ஆம் ஆண்டில் ஸ்ரீ தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் தொடங்கிய ஸ்தாபனம் அது. பௌதிக சாஸ்திரம் கற்பிக்கும் எந்தப் பள்ளியிலும் பிள்ளைகள் செய்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. காகிதத்தின் மேல் கண்ணாடித் துண்டை நிறுத்தி, குண்டூசிகளைக் குத்தி, ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்புகிறது என்று அளந்து காண்பார்கள். அளந்து முடித்த பிள்ளை, "போன ஒளியேதானா திரும்பி வந்தது?" என்று வினவினால் நாம் என்ன விடை கூறுவது?

கேள்வி எளிதுதான். விடையோ இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த அறிஞர்களை யோசிக்க வைத்தது.

ஒளி அலையாகப் பரவுகிறது என்று முன்னோர் நிலைநாட்டியிருந்தனர். 1905-இல் ஐன்ஸ்டைன், அதன் சக்தி சிறு சிறு மணிகளாகவே கொடுக்கல் வாங்கல் ஆகிறது என்று கூறினார். அம்மணிக்குப் பிற்காலத்தில் 'போட்டான்' என்ற பெயர் வழங்கலாயிற்று. ஒரு வாட் பச்சை ஒளியில் வினாடி ஒன்றுக்கு இருபத்தையாயிரம் கோடி கோடிக்கு மேற்பட்ட போட்டான்கள் பாய்கின்றன. ஒவ்வொன்றும் சுவரில் எறிந்த பந்தைப் போல மோதித் திரும்புகிறது என்று எண்ணிவிடத் தோன்றும். அது சரியன்று.

நம் வீட்டுக் கண்ணாடியில் பிம்பம் காட்டுவது பெரும்பாலும் கண்ணாடி அன்று. அதன் பின்புறத்துப் பூச்சுதான். முன்னாளில் வெள்ளீயத்தையும் பாதரசத்தையும் சேர்த்துப் பூசினார்கள். 'ரசம் போன கண்ணாடி' என்று நாம் இன்றும் சொல்வது அதனால்தான். இப்பொழுது பூசப்படுவது வெள்ளி அல்லது அலுமினியம். உலோகத்துக்குள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமாகாமல் திரிகின்ற எலெக்ட்ரான்கள் எண்ணற்றவை உண்டு. ஒளி வந்து பட்டதும் அவை யாவும் அதன் தாளத்துக்கு இசைய அசைகின்றன. அசையும் எலெக்ட்ரான் தானும் ஒளியை வெளிவிடும். இவ்விதம் எழும் ஒளிகள் உலோகத்தினுள்ளே, வந்த ஒளிக்கு எதிராக நின்று அதை அழித்துவிடுகின்றன. வெளிப்புறத்திலோ ஒரே ஒரு திசையில் மட்டும் ஒன்றுக்கொன்று துணை நின்று வலுப்பெறுகின்றன. அந்தத் திசைதான் பிள்ளைகள் அளந்து கண்ட கோணம். ஐம்பது நூறு அணு அடுக்குகளுக்குள்ளேயே இவ்வளவும் நடந்து முடிகிறது.

"ஓர் அணு போட்டானை விழுங்கி, மீண்டும் உமிழ்கிறது" என்று சொல்லிக்கொடுப்பதும் உண்டு. அப்படியானால் உமிழும் திசைக்கு ஒரு கட்டுப்பாடு இராது. கண்ணாடியும் வெள்ளைக் காகிதம் போலத்தான் தோன்றும், முகம் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஓர் அலை நீளத்தில் வெள்ளி அணுக்கள் ஆயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்கலாம். அத்தனையும் சேர்ந்து செய்யும் காரியத்தை ஓர் அணுவின் பேரில் எழுதுவது பொருந்தாது.

வாங்கிய ஒளி முழுவதையும் உலோகம் திருப்பித் தருவதில்லை. நூற்றுக்குச் சில பங்கு வெப்பமாக மாறிவிடும். வெள்ளி எல்லா நிறங்களையும் ஏறக்குறைய சமமாகத் திருப்புவதால் வெண்மையாய் ஒளிர்கிறது. பொன் நீல நிறத்தில் பெரும்பகுதியைத் தன்னிடம் நிறுத்திக்கொள்கிறது. நம் பெண்மணிகள் விரும்பும் மஞ்சள் ஒளி அதன் பயன்.

இனி ஒரு விந்தை. ஜவ்வாது மலைமேல் காவலூரில், வேணு பாப்புவின் பெயர் தாங்கிய தொலைநோக்கி 1986 முதல் இருந்துவருகிறது. அதன் ஆடி 2.34 மீட்டர் அகலம். மிக மங்கிய விண்மீன்களிலிருந்து போட்டான்கள் அதன்மேல் ஒவ்வொன்றாகவே வந்து விழும். தனித்து வந்த போட்டானும் அதே விதிப்படி, அதே திசையில்தான் திரும்புகிறது. ஆடியின் எந்த இடத்தில் பட்டது என்று கேட்டால், ஆடி முழுவதும் அதில் பங்கு கொண்டது என்பதே இயற்கையின் மறுமொழி.

ஆகவே, 'போனதேதானா வந்தது?' என்ற வினா என்ன ஆயிற்று? அதற்குரிய திறவுகோல் நம் பாரத தேசத்தில் கிடைத்தது. 1924-இல், டாக்கா சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்த சத்தியேந்திரநாத் போஸ், ஒளிமணிகளை எண்ணுவதற்குப் புது முறை ஒன்றை வகுத்து ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். அவரே அதை ஜெர்மன் பாஷையில் பெயர்த்து வெளியிடச் செய்தார். இரண்டு காசுகளை இரண்டு கிண்ணங்களில் போட நான்கு வழிகள் உண்டு. ஏனெனில் இந்தக் காசு வேறு, அந்தக் காசு வேறு. இரண்டு போட்டான்களுக்கோ மூன்றே வழிகள். இது, அது என்று பிரித்துச் சொல்ல அவற்றில் எந்த அடையாளமும் இல்லை. பாங்கியில் பத்து ரூபாய் வரவு வைத்துப் பின்னர் பத்து ரூபாய் பற்று எழுதினால், அதே ரூபாயா என்று கணக்கு நமக்குச் சொல்லாது. கணக்கில் தொகைதான் உண்டு. ஒளியும் அவ்வாறே. எவ்வளவு போயிற்று, எவ்வளவு வந்தது என்பதற்கு விடை உண்டு. எந்தப் போட்டான் என்பதற்கு விடை இல்லை. அறிவு போதாமையால் அன்று, அப்படி ஒரு வேற்றுமையே இயற்கையில் இல்லாமையால்.

இதைப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்ல முடியுமா என்று ஐயுறுவோர் இன்றும் உளர். போஸ் அவர்களே 1948-இல் கல்கத்தாவில் வங்க மொழியில் விஞ்ஞானம் பரப்ப ஒரு பரிஷத்தை நிறுவினார். தமிழ்நாட்டில், வித்தியாலயத்தை அமைத்த அவினாசிலிங்கம் அவர்கள் 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். அவ்வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன் அவர்கள் அக்கழகத்தின் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியரானார். அதன் முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது. வழி போட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள். வீட்டுக் குழந்தை கண்ணாடி முன் நின்று கேட்கும் கேள்விக்கு அந்த வழியில் நடந்து விடை சொல்ல வேண்டியது பெற்றோராகிய நம் கடமை.