வேலி போதாது, எறும்பையும் எண்ண வேண்டும்

அழிந்துவரும் ஒரு வண்ணத்துப்பூச்சி எந்த இடத்தில் பிழைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும். ஆனால் பூச்சியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இங்கிலாந்து இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது.

'லார்ஜ் புளூ' என்ற நீல வண்ணத்துப்பூச்சி அங்கே குறைந்து வந்தது. சேகரிப்போர் பிடித்துச் செல்வதே காரணம் என்று பலரும் நம்பினர். 1930களில் ஓரிடத்தில் வேலியும் போட்டார்கள். வலையோடு வருவோர் நின்றனர், கால்நடைகளும் நின்றன. புல் வளர்ந்தது. பூச்சி போயிற்று!

காரணம் மண்ணுக்குள் இருந்தது. இதன் புழு 3 வாரம் வரை 'தைம்' என்ற செடியின் பூவைத் தின்னும். பிறகு தரையில் விழும். சிவப்பெறும்பு அதைத் தன் இனத்துக் குஞ்சு என்று ஏமாந்து புற்றுக்குத் தூக்கிச் செல்லும். அங்கே சுமார் 10 மாதம் எறும்புக் குஞ்சுகளைத் தின்றே புழு வளரும். உண்ட வீட்டுக்கே இரண்டகம்தான்!

எந்தச் சிவப்பெறும்பும் போதும் என்று நினைத்திருந்தார்கள். அப்படியல்ல, 'மிர்மிகா சபுலேட்டி' என்ற ஓர் இனத்தின் புற்றில்தான் புழு நன்கு பிழைக்கிறது என்று ஜெரமி தாமஸ் என்ற விஞ்ஞானி 1970களில் கண்டறிந்தார். அந்த எறும்புக்குச் சூடான தரை வேண்டும். புல் சுமார் 3 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தால் தரை குளிர்ந்துவிடும். புல்லை மேய்ந்துவந்த முயல்கள் 1950களில் நோயால் மடிந்தது வேறு கேட்டைக் கூட்டியது. விடை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1979-ல் பிரிட்டனில் அந்தப் பூச்சி அற்றுப்போயிற்று.

அதன் பிறகே கணக்கு கைகொடுத்தது. தெற்கு நோக்கிய சரிவா, புல் குட்டையா, தைம் உண்டா, எறும்பு எத்தனை என்று பார்த்தே இடம் தேர்ந்தார்கள். இனிப்புத் துணுக்கு வைத்து எறும்பை எண்ணினார்கள். மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1983 முதல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பூச்சியின் சந்ததி இன்று தென்மேற்கு இங்கிலாந்தின் குன்றுகளில் பறக்கிறது.

மழையும் வெப்பமும் கொண்டு வரைபடத்தில் கோடு போடுவது கம்ப்யூட்டருக்கு நிமிட வேலை. கோட்டுக்குள் எறும்பு இருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஆள் வேண்டாமா?

நம் நாட்டில் என்ன நிலைமை? 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் வண்ணத்துப்பூச்சிகளும் உண்டு. பிடித்தால் தண்டனை. நல்லதே. ஆனால் புழுவுக்கு இரையாகும் செடியையே வெட்டிச் சாய்த்தால்? கர்நாடகத்தின் மாநில வண்ணத்துப்பூச்சியான 'சதர்ன் பேர்ட்விங்' ஈசுவரமூலிக் குடும்பத்துச் செடிகொடிகளில்தான் முட்டையிடும். அது இன்னும் அருகிவிடவில்லை. அருகும்வரை காத்திராமல், அந்தக் கொடி எந்தெந்தச் சரிவில் படர்கிறது என்று வனத்துறை இப்போதே குறித்து வைக்கட்டும். சாலைக்கும் குவாரிக்கும் அனுமதி கேட்டு மனு வரும்போது அந்தக் குறிப்பையும் எடுத்துப் பார்க்கட்டும்.