பின்னறைச் சாமான்களுக்காக ஒரு வார்த்தை

சென்ற மாதப் பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்திருந்த அன்பர்களுக்கு நினைவிருக்கும். வரவு செலவு வாசித்து முடித்ததும், "பின்னறையில் கிடக்கும் பழைய வாத்தியங்களைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டு, மேலே கொஞ்சம் பணம் சேர்த்து நல்ல கரோக்கி செட் ஒன்று வாங்கிவிடலாம்" என்று ஒரு யோசனை வந்தது. நாலைந்து பேர் கை தட்டினார்கள். நான் எழுந்து "வேண்டாம்" என்றேன். "ஏன் என்று சொல்லுங்கள்" என்றார்கள். மைக்கைப் பிடித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ரகம் நான். ஏதோ உளறிவிட்டு உட்கார்ந்தேன். விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போடப்பட்டிருக்கிறது. அன்றைக்குச் சொல்ல வராததை ஆசிரியர் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்.

கதை என் வீட்டில் தொடங்குகிறது. 2023 ஆகஸ்டில் ஒரு நாள் என் மகள், "அப்பா, எனக்கு ஆறு கம்பி பேஸ் கிடார் வேணும்" என்றாள். வீட்டில் இருக்கும் கிடாருக்கும் ஆறு கம்பிதானே என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், காப்பியும் டீயும் ஒன்றுதானே என்று கேட்டவனைப் பார்ப்பது போல ஓர் இரக்கம் இருந்தது.

எனக்குப் பிறகு புரிந்ததைச் சொல்கிறேன். சாதாரண பேஸ் கிடாருக்கு நாலே கம்பி. 1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' கொண்டுவந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். கிடார் குடும்பத்தில் பிறந்த வாத்தியத்துக்கு மட்டும் ஏன் நாலு கம்பி என்று நியூயார்க்கில் அந்தோணி ஜாக்சன் என்ற கலைஞருக்குத் தோன்றியது. கார்ல் தாம்ப்சன் என்ற கைவினைஞரைக் கொண்டு 1975-இல் ஆறு கம்பி வைத்துச் செய்ய வைத்தார். வழக்கமான நாலுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஒரு கம்பியை ஸட்ஜமமாக வைத்துக்கொண்டால், அடுத்த கம்பி அதன் சுத்த மத்யமம். ஆறு கம்பிக்கும் இதே கணக்கு, நடுவில் தடம் மாறுவதில்லை. அடிக் கம்பியின் நாதம் விநாடிக்கு ஏறத்தாழ 31 அதிர்வு. மனிதக் காது பிடிக்கும் எல்லை சுமார் 20. கைப்பேசியின் ஸ்பீக்கரில் அந்த அடிநாதம் கேட்கவே கேட்காது. மார்புக்கூட்டில்தான் தெரியும். இளையராஜா பாட்டுகளை ட்ரான்சிஸ்டரில் கேட்டு வளர்ந்த என் போன்றவர்கள், அதன் அடியில் பேஸ் கிடார் தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டிருந்தது தெரியாமலே பாதி ஆயுளைக் கழித்துவிட்டோம்.

புதிது வாங்க விலை விசாரித்தேன். வீட்டில் பேச்சை மாற்றினேன். மகள் மாற்றவில்லை. பெஹாலாவில் ஒருவர் பழையது விற்கிறார் என்று கல்லூரித் தோழி மூலம் தெரிந்துகொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம்.

விற்றவர் எழுபதைத் தாண்டிய வங்காளிப் பெரியவர். பார்க் ஸ்ட்ரீட் ஓட்டல்களில் இரவு இரவாக பேஸ் வாசித்தவர். நான் தமிழன் என்றதும் முகம் மலர்ந்து, "உங்க உஷா எங்க ஊருக்கு வந்த காலத்திலேயே நான் இந்தத் தெருவைச் சுற்றினவன், தாதா" என்றார். 1969-இல் ட்ரிங்காஸில் பாட வந்த உஷா ஐயர், பிற்காலத்து உஷா உதுப், தமிழ்க் குடும்பத்துப் பெண் என்பதை நம்மைவிட இந்த ஊர்க்காரர்கள் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். பெரியவருக்கு இப்போது விரல் விரியவில்லை. ஆறு கம்பிக்குத் தண்டியின் அகலம் அதிகம். ஐந்து வருடமாக வாத்தியம் கட்டிலுக்கு அடியில்தான்.

வெளியே எடுத்ததும் என் மகளின் முகம் வாடிவிட்டது. தென் கொரியாவில் செய்த ஐபனேஸ். உடம்பு மரத்தில் குறையில்லை. ஆனால் கம்பிகள் துருப்பிடித்துக் கறுத்திருந்தன. உள்ளே விட்டுவைத்த 9 வோல்ட் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. தண்டியை ஒரு முனையிலிருந்து துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் பார்த்தால் வில்லாக வளைந்திருந்தது. பன்னிரண்டாம் மெட்டில் கம்பிக்கும் மெட்டுக்கும் நடுவே இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் வாசிக்கச் சுகம். இதில் ஆறு இருந்தது.

இதைக் கேட்டவர்கள் அதிசயப்பட வேண்டாம். ஆறு கனத்த கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு ஏறக்குறைய நூறு கிலோ. அதோடு கல்கத்தா மழைக்காலத்து ஈரத்தை ஐந்து வருடம் குடித்த மரம். நம் முதுகே வளைகிறது.

பழைய வாத்தியம் வாங்கப் போகிறவர்கள் வார்னிஷைப் பார்த்து மயங்காமல் ஒவ்வொரு மெட்டிலும் விரல் வைத்துக் கேட்க வேண்டும். 24 மெட்டு, ஆறு கம்பி, மொத்தம் 144 இடம். கால் மணி நேரம் ஆகும். விற்பவர் பொறுமையோடு காத்திருந்தாலே பாதி நம்பிக்கை வந்துவிடும். பெரியவர் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். 28,000 கேட்டவர் 22,000-க்கு இறங்கினார். பேரம் பேசியதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். மகளிடம், "வாசிக்கிறப்போ ஒரு தடவை கூப்பிடும்மா" என்று மட்டும் சொன்னார்.

முதலில் பெயர் பெற்ற ஒரு கடைக்கு எடுத்துப் போனோம். பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்த பையன் அதைப் பையிலிருந்து முழுசாக எடுக்கக்கூட இல்லை. "தண்டி போயிடுச்சு, இதுக்குச் செலவு பண்ணாதீங்க, தவணையில் புதுசு இருக்கு" என்றான். நம் பொதுக்குழுவில் கேட்ட குரலும் அந்தப் பையனின் குரலும் எனக்கு ஒரே மாதிரி காதில் விழுந்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நான் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். தண்டிக்குள் ட்ரஸ் ராடு என்று ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. அதை முடுக்கினால் வளைவு நிமிரும் என்று மகள் படித்துச் சொன்னாள். முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்த கை எனக்கு. ஒரே மூச்சில் முக்கால் சுற்று சுற்றினேன். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். மகள் பேசவேயில்லை. அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. 22,000 ரூபாய் மட்டும் என்றால்கூடத் தேற்றிக்கொண்டிருப்பேன். பெரியவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் தூங்கவிடவில்லை.

மறுநாள் ரவீந்திர சரணியில், லால்பஜார் பக்கத்து வாத்தியக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் உட்கார்ந்திருக்கும் மிஸ்திரியிடம் போனேன். எஸ்ராஜ், சிதார், கிடார் எல்லாம் ஒரே பலகையில் கிடந்தன. தண்டியைக் காதோரம் வைத்துத் தட்டிப் பார்த்தார். "ராடு உடையவில்லை, ஒட்டிக்கிடந்த நட்டு விட்டுக்கொடுத்த சத்தம்தான்" என்றார். எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. அதன் பிறகுதான் திட்டினார். கால் சுற்றுக்கு மேல் ஒரு நாளில் திருகக் கூடாதாம், மரம் நகர அதற்கு ஒரு ராத்திரியாவது வேண்டுமாம்.

பதினோரு நாள் ஆயிற்று. கம்பிகளைக் கழற்றி, தினம் கொஞ்சமாக ராடை முடுக்கி, தேய்ந்து பள்ளம் விழுந்த மெட்டுகளை அரத்தால் சமன் செய்து, ஒவ்வொன்றின் முதுகையும் மறுபடி வளைவாக்கினார். பேட்டரி அரித்த ஒயரை வெட்டிப் புதிது பற்றவைத்தார். திருகினால் கரகரத்த குமிழ்களுக்கு மருந்து அடித்தார். புதுக் கம்பி மாட்டிய பிறகு, ஒவ்வொரு கம்பியும் உட்காரும் குதிரையை முன்னும் பின்னும் நகர்த்தி, பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டிய ஸ்வரமும் அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பிய ஸ்வரமும் சேரும்வரை விடவில்லை. விரல் பலகையை எண்ணெய்த் துணியால் துடைத்தபோது கறுப்புக்கு அடியிலிருந்து செம்பழுப்பாக ரேகைகள் எழுந்தன. ஈட்டி மரம். பிரேசில் ஈட்டி 1960-களின் கடைசியில் கிடைக்காமல் போனதும், கிடார் செய்கிறவர்கள் உலகெங்கும் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டியைத்தான் தேடி வந்தார்கள். அந்த மரத்தைக் காக்க 1994-இல் தமிழ்நாடு தனியாகச் சட்டமே போட்டது. அப்படிப்பட்ட மரத்தையா பழைய சாமான்காரன் தராசில் வைப்பது?

கூலி 4,500. கம்பி செட் 3,800. சில்லறைச் சாமான் 900. வாங்கிய விலையோடு சேர்த்து 31,200 ரூபாய். இதில் பணம் மிச்சம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நாலு கம்பி பேஸ் புதிதாகவே இதைவிடக் குறைந்த விலைக்கு வரும். ஆனால் இன்றைக்கு என் மகளுக்குத் தன் வாத்தியத்தின் எந்த உறுப்பு எதற்கு என்று தெரியும். மழைக்காலம் வந்தால் அவளே கால் சுற்று திருகி, மறுநாள்வரை காத்திருக்கிறாள். பெரியவரை டிசம்பரில் அழைத்தோம். நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கையை வாத்தியத்தின் உடம்பின் மேல் வைத்தபடி அடிக் கம்பியைக் கேட்டார். போகும்போது பேட்டரியை மட்டும் உள்ளே விட்டுவைக்காதே என்றார்.

இனி நம் பின்னறைக்கு வருவோம். பார்த்தவரை அங்கே இருப்பவை: இரண்டு ஹார்மோனியம், ஒரு ஜோடி தபலா, ஒரு மிருதங்கம், ஒரு வீணை, கம்பி இல்லாத கிவ்ஸன் கிடார் ஒன்று, ஒரு கீபோர்டு. கீபோர்டை நான் காப்பாற்றச் சொல்லவில்லை. அதன் உயிர் ஒரு சில்லுக்குள் இருந்தது, போய்விட்டது. மிருதங்கக் கட்டை விரிந்திருக்கிறது, அதுவும் சந்தேகம்தான். ஹார்மோனியங்களுக்குத் துருத்தி ஓட்டைதான் குறை. மிஸ்திரி ஒன்றுக்கு 3,000 கேட்டார். கையால் துருத்தி போட்டு வாசிக்கும் ஹார்மோனியத்தை உருவாக்கியதே இதே ஊரின் துவாரகாநாத் கோஷ்தான். அதைச் சரிசெய்ய இங்கே ஆள் இல்லை என்று சொன்னால் ஊர் சிரிக்கும். கிவ்ஸன் இந்த ஊரிலேயே செய்த கிடார். அதற்குக் கம்பி மாட்டினாலே போதும். வீணைக்கு மெழுகு உதிர்ந்து மெட்டுகள் ஆடுகின்றன. வீணைக்கும் 24 மெட்டுதான், மேளம் கட்டத் தெரிந்தவர் வேண்டும். விடுமுறைக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் போகிறவர் யாராவது எடுத்துப் போனால் ஆயிற்று. அந்த வீணையை யார் கொடுத்தார்கள், அதில் எத்தனை பெண்கள் ஸரளி வரிசை கற்றார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. இதைப் படிக்கும் சிலர் அதில் கற்றவர்கள்.

"சரி பண்ணி யார் வாசிக்கப் போகிறார்கள்?" என்பது கூட்டத்தில் கேட்ட கேள்வி. நியாயமான கேள்விதான். 2020-இல் நின்ற வியாழக்கிழமைப் பயிற்சி பிறகு தொடங்கவேயில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பு, டியூஷன். ஆனால் என் மகளின் பேஸ் சத்தம் மாடிப்படி வழியாகக் கேட்டு, எதிர் வீட்டு ஏழாம் வகுப்புப் பையன் வாரம் இரண்டு முறை வந்து உட்கார்கிறான். அவனுக்கு வாங்கித் தர அவன் அப்பாவால் முடியாது. கரோக்கி செட்டின் முன்னால் அவன் உட்கார்ந்து என்ன செய்வான்? கரோக்கியில் நானும் பாடியிருக்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. கரோக்கியே கூடாது என்பதல்ல என் வாதம். அதை வாங்குவதற்காக இவற்றை எடைக்குப் போட வேண்டாம் என்பதுதான். போட்டால் வரும் தொகை, நேர்மையாகச் சொல்லுங்கள், ஆயிரத்தைத் தாண்டுமா?

சரிசெய்த வாத்தியத்தை ஆறு மாதத்துக்கு ஒரு பிள்ளையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கே கொடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. உடைத்துவிடுவார்கள் என்பீர்கள். உடையட்டும். அலமாரியில் வைத்துப் பூட்டித்தானே இவை இந்தக் கதிக்கு வந்தன. முதல் ஹார்மோனியத்துக்கான 3,000 ரூபாயை நான் தருகிறேன். இரண்டாவதற்கு ஒருவர் முன்வந்திருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்கிறார்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு ஸ்க்ரூ டிரைவர், பிரஷ், பழைய பருத்தித் துணி சகிதம் நானும் என் மகளும் சங்க வாசலில் இருப்போம். பின்னறைச் சாவி பொருளாளரிடம் இருக்கிறது. அவர் மட்டும் தவறாமல் வந்துவிட வேண்டும்.