ரெண்டு எர்த் இருந்தா ரேடியோ தப்பாது

"ஹாம் ரேடியோவுக்குத் தனியா எர்த் போடு, வீட்டு எர்த்தோட சேர்க்காதே." இது நம்ம பக்கம் வேதவாக்கு மாதிரி சுத்துது. வீட்டு லைன்ல இருந்து இரைச்சல் வரும்னு காரணம் சொல்றாங்க. இரைச்சலைக் குறைக்க வேற வழி இருக்கு. ஆனா தனி எர்த் இடிக்கு வழி விட்டுடும்.

மின்கம்பியில உட்கார்ற காக்கா சாகுறதில்ல. ரெண்டு காலும் ஒரே வோல்ட்டேஜ்ல இருக்கு. மரத்துல இடி விழுந்தா கீழே நிக்கிற மாடு சாகுது. முன்னங்கால் ஒரு வோல்ட்டேஜ், பின்னங்கால் வேற வோல்ட்டேஜ். நடுவுல உடம்பு வழியா கரண்ட் ஓடுது. ரெண்டு எர்த்துக்கு நடுவுல இருக்கிற ரேடியோவும் அந்த மாடுதான்.

கணக்குப் பாருங்க. மின்னல்ல 30,000 ஆம்பியர் சாதாரணமா ஓடும். ஆன்டெனா கம்பத்து எர்த்தோட தடை 10 ஓம்னு வச்சுக்குங்க. அந்த எர்த் ஒரு கணம் 3 லட்சம் வோல்ட்டுக்கு எழும்பும். வீட்டு எர்த் அப்படியே கிடக்கும். அந்த வித்தியாசம் கேபிள் வழியா உள்ள வந்து, ரேடியோவைப் பொளந்துட்டுப் பவர் ஒயர்ல வெளியே போகும். அந்த நேரம் மைக் பிடிச்சிருக்கிற ஆளோட கதி?

எர்த் குழி எத்தனை வேணா தோண்டுங்க. ஆனா கம்பம், ரேடியோ, வீட்டு மீட்டர் எர்த் எல்லாத்தையும் செம்புப் பட்டையால ஒண்ணா இணைங்க. பட்டை நீளம் குறைவா, கூர்மையான மடிப்பு இல்லாம ஓடணும். கேபிள் வீட்டுக்குள்ள நுழையுற இடத்துல சர்ஜ் அரெஸ்டர் வச்சு அதையும் அதோட சேருங்க. இவ்வளவு செஞ்சாலும் மேகம் கறுத்தா கேபிளைக் கழட்டி வெளியே போட்டுடணும்.

உப்பும் கரியும் கொட்டிட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. இது கடலோரம். உப்பு இரும்புக் குழாயைத் தின்னும், இணைப்பையும் தின்னும். வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னாடி போல்ட்டைத் திறந்து பாருங்க.

2004 சுனாமியப்போ அந்தமான் சேதியை பாரதி பிரசாத் போர்ட் பிளேர்ல இருந்து ஹாம் ரேடியோ வழியாத்தான் வெளியே அனுப்பினாங்க. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல நம்ம கடலூர் மாவட்டமே இருட்டுல கிடந்துச்சு. அடுத்த புயல்லயும் செல்போன் படுத்துடும். அன்னைக்கு ஊருக்காகப் பேச வேண்டிய பெட்டி, ஒரு செம்புப் பட்டை இல்லாம முதல் இடியிலேயே கருகிப் போகலாமா?

ரேடியோவுக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்றீங்க. பட்டைக்கு மட்டும் ஏன் கை இறுக்குது?