பிரிவு எண்களும் பதற்றமும்



என் மகள் சட்டம் படிக்கிறாள். 2024 ஜூலை 1இல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபின், பழைய சட்டத்தில் கொலைக்குத் தண்டனை கூறிய 302ஆம் பிரிவு 103 ஆகிவிட்டது; மோசடிக்கான 420, 318க்குள் போய்விட்டது. முன்னோடித் தீர்ப்புகளோ பழைய எண்களிலேயே இருக்கின்றன. கட்டுரை விடைக்காக இரண்டையும் உருப்போடும் பிள்ளைகள் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். எண் பிசகினாலும், சட்டக் கொள்கையும் வாதமும் சரியாக இருந்தால் மதிப்பெண் குறையாது என்று பல்கலைக்கழகங்கள் முன்கூட்டியே அறிவிக்கலாமே! தேர்வறையில் உரை இல்லாத சட்டநூலை அனுமதித்தால் இன்னும் நல்லது. நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் நூலைப் புரட்டித்தானே வாதாடுகிறார்கள்? பதற்றம் தாங்கமுடியாமல் போனால் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416இல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். அந்த எண்ணை ஹால் டிக்கெட்டிலேயே அச்சிட வேண்டும்.

– ஒரு சட்ட மாணவியின் தாய், மதுரை