ஹராம் எது? முடி நடுவதா, உயிரைப் பணயம் வைப்பதா?



ஏற்காட்டில் நிக்காஹ் பேச்சுத் தொடங்கும் வயதில் நெற்றி ஏறிவிட்ட பிள்ளைகள் சிலர், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்கும் சென்னைக்கும் பெற்றோர் அறியாமல் சென்று முடி நட்டு வருகின்றனர். ஏன் மறைக்கின்றனர்? மிம்பரில் ஏறும் சிலர், இது படைப்பை மாற்றுவது, ஆகவே ஹராம் என்று ஒரே வரியில் தீர்ப்பளித்துவிடுகின்றனர். அத்தீர்ப்பை நாம் மறுக்கிறோம்.

நபி (ஸல்) அவர்கள் சபித்தது ஒட்டுமுடி வைப்போரை. தன் பிடரி முடியைத் தன் உச்சியிலேயே நடுவது அதுவன்று. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் மூவரின் ஹதீஸில், வழுக்கைத் தலையர் அழகிய முடியை விரும்பினார். வானவர் தடவ, முடி வந்தது. பின்னர் அவர் தண்டிக்கப்பட்டது நன்றி மறந்ததற்காகவே. 2007இல் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் உதிர்ந்த முடியை மீண்டும் நடுவதை ஆகுமான சிகிச்சைகளுள் சேர்த்தது.

காப்பி நாற்றைப் பெயர்த்து நடும் நம் மலைமக்களுக்கு இச்சிகிச்சை எளிதில் விளங்கும். பிடரியிலிருந்து தோலை ஒரு பட்டையாக அறுத்தெடுத்து வேர்களைப் பிரிப்பது ஒரு முறை. ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கத்தியால் ஒவ்வொரு வேராகத் தோண்டி எடுப்பது மற்றொன்று. வேர் காய்ந்தால் பட்டுப்போகும். பிடரி முடி இடம் மாறினாலும் இயல்பு மாறாது என்பதை 1959இல் நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் காட்டினார். வேலை பல மணி நேரம் நீளும். மரத்துப்போகும் ஊசி மருந்து அளவு மீறினால் வலிப்பு வரும், இதயமும் நின்றுபோகும்.

2016 மே மாதம் சென்னையில் 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் முடி நட்டபின் உயிரிழந்தார். அவ்விடத்துக்கு இருந்தது அழகு நிலைய உரிமம் மட்டுமே என விசாரணையில் தெரியவந்தது. மருத்துவம் படித்த பிள்ளைக்கே இக்கதி! ஹராம் இங்கேதான் இருக்கிறது. தன்னைத் தானே அழிவில் போட்டுக்கொள்வதை அல்பகரா 195ஆம் வசனம் தடுக்கிறது. வெறும் விளம்பரத்தை நம்பித் தலையைக் கொடுப்பது வேறென்ன? மிம்பரின் அதட்டலுக்கு அஞ்சி மறைவாகப் போகும் பிள்ளை மலிவான இடத்தைத்தானே தேடுவான்?

முறையான அறுவைப் பயிற்சி பெற்ற பதிவுபெற்ற மருத்துவரே இதைச் செய்யவேண்டும், யூடியூப் பார்த்தோ பயிலரங்கில் அமர்ந்தோ கற்றது போதாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் அறிவித்தது. எனவே தந்தையரே, பிள்ளையுடன் நீங்களும் செல்லுங்கள். விலையைக் கேட்கும் முன், கத்தி பிடிப்பவரின் பதிவு எண்ணையும், ஊசி போடும் மருத்துவர் கடைசிவரை அறையில் இருப்பாரா என்பதையும் கேளுங்கள். பெண் வீட்டாரே, மாப்பிள்ளையின் தொழுகையை விசாரித்துவிட்டு அவர் தலையைப் பாருங்கள்.