பின்னால நிக்கிறது எங்க ஆட்கள்

கெம்பஸ்ல கெமரா வைத்திருக்கிறவனுக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் உட்கார்ந்து சாப்பிடக் கொடுப்பினை கிடையாது. "நீதான் கெமரா வச்சிருக்கியே தம்பி, ரெண்டு போட்டோ எடுத்துடு" என்று சித்தப்பா சொல்லிவிடுவார். அந்த ரெண்டு போட்டோ பொழுது விடியும்போது எண்ணூறு ஆகியிருக்கும். அதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும்: என்ன லென்ஸ் கொண்டு போறது?

எங்களில் ஒருத்தருக்கு அந்தக் கேள்வி வந்தது. தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டம், பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். கையில் இருந்தது ஒரு பழைய கெனன், அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ். பேராதனையில் கலைப்பீட கென்டீனில் உட்கார்ந்து எல்லாரிடமும் கேட்டோம். "கிட் லென்ஸா? குப்பை மச்சான்." "70-200 இல்லாம கல்யாணத்துக்குப் போகாத." "பின்னால எல்லாம் பிளர் ஆகணும், அப்பதான் புரொபஷனல்." கண்டி டவுனில் ஒரு கடைக்காரரும் இதையேதான் சொன்னார். அவர் விற்கிறவர், சொல்லத்தான் செய்வார். எங்க ஆட்களும் ஏன் இதையே சொல்றாங்க? இந்தக் கட்டுரை அவர்களோடு சண்டை போடத்தான்.

முதலில் 70-200. எஃப் 2.8 வரை திறக்கிற அந்த லென்ஸின் விலை, தோட்டத்தில் ஒருவருடைய நூற்றுக்கணக்கான நாட்கூலி. 1000 ரூபா நாட்சம்பளத்துக்கு எத்தனை வருசம் போராடி, 2021இல்தான் அது கிடைத்தது என்பதை மறந்துவிட்டு இந்த யோசனையைச் சொல்லாதீர்கள். விலையை விடுவோம். அந்த லென்ஸ் எதற்கு? தூரத்தில் நின்று எடுக்க. காசுக்கு வந்த போட்டோகிராபர் மணவறைக்குள் மூக்கை நுழைக்க முடியாது, அதனால் அவருக்கு அது தேவை. அவர் தொழில் அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் யார்? பொண்ணோட தம்பி, தங்கச்சி. மணவறைக்குப் பக்கத்தில் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறவர்கள். அடுப்படிக்குள்ளும் அலங்காரம் நடக்கிற காம்பராவுக்குள்ளும் கேட்காமலே போகிறவர்கள். கிட்ட நிற்கிற உரிமை இருக்கிறவனுக்குத் தூரத்து லென்ஸ் எதுக்கு?

அடுத்தது கிட் லென்ஸ். அது குப்பை இல்லை, அதற்கு ஒரு குறை இருக்கிறது: இருட்டு. 55 மி.மீ.இல் வைத்தால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 இருக்கிற ஒரு 50 மி.மீ. லென்ஸ் அதைவிட ஒன்பது பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். விடியற்காலை முகூர்த்தம், கோயிலுக்குள் எண்ணெய் விளக்கு, பிளாஷ் போடக்கூடாது என்று ஐயர் சொல்லிவிட்டார் என்று வையுங்கள். 50 மி.மீ. லென்ஸில் ஐ.எஸ்.ஓ. 1600 போதுமான இடத்தில் கிட் லென்ஸ் 16000 கேட்கும். பழைய கெமராக்கள் பலவற்றில் அந்த எண்ணே கிடையாது. ஆகவே ஒரு லென்ஸ் வாங்கியே ஆகவேண்டும் என்றால், அல்லது ஒருநாள் வாடகைக்கு எடுக்கலாம் என்றால், எஃப் 1.8 இருக்கிற மலிவான 50 அல்லது 35 மி.மீ. ஒன்று. அவ்வளவுதான்.

ஆனால் 50ஐ மட்டும் நம்பிப் போகவும் கூடாது. எங்க கையில் இருக்கிற சின்ன சென்சர் கெமராவில், பத்தடி தூரத்தில் 50 மி.மீ. காட்டுகிற அகலம் நாலரை அடி. ரெண்டு பேர், நெருங்கி நின்றால் மூன்று பேர். லயத்துக் காம்பராவே பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். பின்னால் போனால் சுவர். அதே பத்தடியில் 18 மி.மீ. பன்னிரண்டு அடி அகலத்தைக் காட்டும். அங்கே குப்பை என்று நீங்கள் சொன்ன கிட் லென்ஸ்தான் காப்பாற்றும். ஒன்று மட்டும் கவனம்: 18இல் வைத்து ரொம்பக் கிட்டப் போய் எடுத்தால் ஓரத்தில் நிற்கிற மாமியின் முகமும் கையும் இழுபட்டுப் போகும். பிறகு நீங்கதான் பதில் சொல்லணும்.

இனி பிளர். எங்களுக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். எஃப் 1.8இல் வைத்து ஆறேழு அடியில் நின்றால் தெளிவாக விழுகிற ஆழம் ஏறக்குறைய நாலு அங்குலம். தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் விரல் தெளிவாக இருக்கும், பொண்ணு முகம் கரைந்து போயிருக்கும். எஃப் 4க்கு வந்தால் ரெண்டு பேரும் கிடைப்பார்கள். பின்னால் நிற்கிறவர்கள்? தேத்தண்ணி ஊற்றுகிற சின்னம்மா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்க்கிற அக்கா, நாற்காலி அடுக்குகிற பொடியன்கள். அவர்களைக் கரைத்துவிட்டுக் கிடைக்கிறதைத்தான் 'புரொபஷனல்' என்கிறீர்கள்.

இது வெறும் ஸ்டைல் பிரச்சினை இல்லை. எங்க ஆட்களைக் கெமரா எப்படிப் பார்த்தது என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. இங்கிலாந்தில் டென்னிசனையும் டார்வினையும் படம் எடுத்துப் பேர் வாங்கிய ஜூலியா மார்கரெட் கெமரன், 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவில் இறந்தார். மங்கலான ஃபோகஸுக்குப் பேர்போனவர் அவர். டென்னிசன் படத்துக்கு டென்னிசன் என்றே பேர். இங்கே எடுத்த ஒரு படத்துக்குத் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர் குழு'. அதற்குப் பிறகு வந்த ஸ்டூடியோக்காரர்களின் தபால் அட்டைகளில் கொழுந்து பறிக்கிற பெண்கள் தெளிவாகத்தான் விழுந்தார்கள். கீழே 'தமிழ்க் கூலி', 'கொழுந்து பறிக்கும் பெண்' என்று இருக்கும், பேர் இருக்காது. இன்றைக்குக் கெமரா எங்க கைக்கே வந்திருக்கிறது. நாங்களே எங்க ஆட்களைப் பின்னணி ஆக்கினால் வெட்கம் இல்லையா?

இதற்கு ஒரு மறுப்பு இருக்கிறது. அதைச் சொன்னது கல்யாணப் பொண்ணேதான். "லயம் தெரியாம எடு தம்பி." பேராதனைப் பூங்காவில் பெரிய மரத்தடியில் எடுத்த மாதிரி வேணும் அவங்களுக்கு. தகரக் கூரையும் கொடியில் காய்கிற துணியும் வேண்டாம். எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் கூரைக்குக் கீழ் இருந்தவருக்கு ஒரு நாளாவது அதை மறைக்க உரிமை இல்லையா? இருக்கிறது. அவர் கல்யாணம், அவர் முகம். எங்க அரசியலுக்காக அவரை லயத்துக்கு முன்னால் நிறுத்துவதும் தபால் அட்டைக்காரன் செய்த வேலைதான். ஆகவே அவர் கேட்ட மாதிரி, 50 மி.மீ.இல், பின்னால் பச்சையாய்க் கரைத்து எடுத்துக் கொடுத்தோம். அழகாகத்தான் வந்தது.

பிறகு நாங்கள் ஒன்று கேட்டோம்: "அக்கா, இஸ்தோப்பில எல்லாரும் நிக்கிற மாதிரி ஒண்ணு." கொஞ்சம் யோசித்து, சரி என்றார். கிட் லென்ஸ், 24 மி.மீ., எஃப் 8. பதினேழு பேர். துணி, கூரை, நாய், எல்லாம் தெளிவு. வாசல்படியில் உட்கார்ந்திருந்த அப்பாயியை யாரும் கூப்பிடவில்லை, அவரும் எழும்பவில்லை, ஆனாலும் விழுந்திருக்கிறார். அன்றைக்கு எடுத்த மற்ற எதிலும் அவர் இல்லை. அல்பத்துக்கு வந்த போட்டோகிராபர் மேடையைத்தான் எடுத்தார், அப்பாயி மேடைக்கு ஏறவில்லை.

நாங்கள் பிளருக்கு எதிரி இல்லை. கேட்டு எடுங்கள் என்கிறோம், கரைப்பதற்கு முன்னால் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒருதரம் பாருங்கள் என்கிறோம். இருக்கிற கிட் லென்ஸோடு ஒரு மலிவான எஃப் 1.8 போதும். மிச்சக் காசில் நாலு படம் பிரிண்ட் போடுங்கள். பின்பக்கம் பேனையால் எல்லார் பேரையும் எழுதுங்கள். எங்களுக்குப் பதினேழில் மூன்று பேரின் பேர் தெரியவில்லை. பெரியம்மாவிடம் கேட்டுத்தான் எழுதினோம்.